அண்ணையின் யானை வோட்டு

எனக்கு அமெரிக்காவில் வோட்டு இல்லை. அந்த நாட்டு மண்ணை இன்றுவரை மிதித்ததும் இல்லை. ஆனாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே நடந்த ஜனாதிபதித் தேர்தல்களை என்னைப் போல வயிறெரிந்து பார்த்த ஒருத்தி தென் லண்டனில் இருந்திருக்க மாட்டாள். மிச்சம் என்று பெயர் கொண்ட பகுதியில் ஒரு கடைக்கு மேலே நாங்கள் அப்போது குடியிருந்தோம். கடைக்காரர் விலைப்படாத பேப்பர்களை எனக்குத் தருவார். தேர்தல் செய்தி வந்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை விரித்து அதில் மீன் வெட்டுவேன்.

அமெரிக்காவில் பெரிய கட்சி இரண்டு. ஒன்றுக்குச் சின்னம் கழுதை, மற்றதற்கு யானை. ஏழை எளியதுகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது கழுதை. வரியைக் குறை, அவனவன் தன் பாட்டைப் பார்க்கட்டும் என்று சொல்வது யானை. நான் கழுதைக் கட்சி. கலியாண வீடுகளில் இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். சிரிக்கிறவர்களிடம், "சிரியுங்கோ, நாளைக்குக் கால் முறிஞ்சால் தெரியும்" என்பேன்.

கால் முறிகிற கதை சும்மா சொன்னதல்ல. நான் ஓர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ட்ரொலி தள்ளினேன். ஒரு கட்டிலில் பாங்க் மனேஜர் படுத்திருப்பார். அடுத்த கட்டிலில் ஸ்டேசன் வாசலில் படுத்தெழும்புகிற மனிதன். இரண்டு பேருக்கும் ஒரே சூப். இரண்டு பேரும் ஒரே மாதிரி, உப்பில்லை என்று என்னைத்தான் ஏசுவார்கள். எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான். அமெரிக்காவில் கால் முறிந்து போனால், முதலில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் காலைப் பார்ப்பார்களாம். இதை எனக்குச் சொன்னதே என் அண்ணைதான். அவர் நியூ ஜெர்சியில் எலும்பு டாக்குத்தர்.

அண்ணை எனக்கு ஒரே சகோதரம். எழுபதுகளில் மேல்படிப்புக்கென்று அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கலியாணம் கட்டவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் எனக்குப் போன் எடுத்துக் கதைப்பார். 1984 இல், நான் லண்டனுக்கு வந்து கொஞ்சக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திடீரென்று, "இந்த முறை நான் யானைக்குத்தான் போடப் போறன்" என்றார்.

"ஆருக்கு?"

"யானைக்கு. வரி குறையுமெல்லோ."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? ஊரில யானை செய்தது காணாதோ?"

ஊரிலும், இலங்கையில், ஒரு யானைக் கட்சி இருந்தது. அது ஆட்சியில் இருந்த காலத்தில்தான் தமிழ்ச் சனத்துக்கு அடி விழுந்து, நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம்.

"எடி, அது வேற யானை, இது வேற யானை."

"யானையெல்லாம் ஒண்டுதான்!"

"அப்ப பிள்ளையாரை என்ன செய்யப் போறாய்?"

 ஒரு கிழமை முழுக்க ட்ரொலி தள்ளும்போதெல்லாம் இதே யோசனை. அடுத்த ஞாயிறு போன் மணி அடித்ததும், சுகம்கூட விசாரிக்காமல், "பிள்ளையார் வரியைக் குறைக்கிறன் எண்டு சொல்லி வோட்டுக் கேட்டு வரேல்லை" என்றேன். அண்ணை சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த முறை யானை கழுதையை மிதி மிதியென்று மிதித்தது. முடிவு தெரிந்த அன்றைக்கே அண்ணை போன் எடுத்தார். "எடி, மணியோசை கேட்டதோ?" என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

பிறகு 1988. அதற்குள் நான் நன்றாகத் தேறிவிட்டேன். இரண்டு வேட்பாளர்களும் மேடையில் நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்பதை டிவியில் காட்டினால், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து பார்ப்பேன். கட்சி மாநாட்டில் கூரையிலிருந்து பலூன் கொட்டுவார்கள். வளர்ந்த மனிதர்கள் அந்தப் பலூன்களுக்குள் நின்று கைதட்டுவார்கள். எனக்கு வேட்பாளர்களின் மனிசிமாரைப் பார்த்தால்தான் ஆத்திரம் வரும். புருசன் பேசி முடியும் வரைக்கும் கண்ணை வெட்டாமல், வாயைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, அவரையே அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். "உப்பிடி என்னால ஏலாது" என்று இவரிடம் சொன்னேன்.

"உம்மை ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெற்றோல் ஸ்டேசனில் வேலை. வாயிலிருந்து நாளுக்கு நாலைந்து சொல்தான் வரும். வருகிற அந்த நாலைந்தும் இப்படித்தான் இருக்கும்.

அந்த முறையும் கழுதை தோற்றது. எனக்கு லண்டனிலும் ராசியில்லை. கொமன்வெல்த் நாட்டுக்காரர் என்று எங்களுக்கு இங்கே வோட்டு உண்டு. நான் மழையென்றும் பாராமல் போய், இங்கே ஏழைகளுக்காகக் கதைக்கிற கட்சியின் ரோசாப்பூச் சின்னத்துக்குப் போடுவேன். ரோசாப்பூவும் ஒழுங்காகத் தோற்கும். இவர் ஒருநாள் பீங்கான் கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீர் ஆதரிக்கிறதெல்லாம் தோக்குது. ஒருக்கா யானைக்காகக் கதைச்சுப் பாருமன். அது தோத்தாலும் தோக்கும்" என்றார். அன்றைக்கு இரவு நான் சமைக்கவில்லை.

அதே கிழமை அண்ணையோடு பெரிய சண்டை. ஆஸ்பத்திரியில் காசு கேட்கிற நாடும் ஒரு நாடோ என்று நான் தொடங்க, "எடி, உன்ர சூப்புக் கதையை விடு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் எலும்பு டாக்குத்தர் அண்ணை, உங்களுக்கு எலும்புதான் தெரியும், நெஞ்சு தெரியாது" என்று சொல்லி ரிசீவரை அடித்து வைத்தேன். பொங்கல் வரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. பொங்கலன்று மணி அடித்தது. "பொங்கீட்டியோ?" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. "பொங்கீட்டன்" என்றேன். அதற்கடுத்த ஞாயிறு திரும்பவும் யானை.

1992 வந்தது. இந்த முறை கழுதை வெல்லும் என்று பேப்பர்காரர்களே எழுதத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளங்கால் நிலத்தில் படவில்லை. அந்த நேரம் பார்த்து, செப்டெம்பர் மாதம், என் மகள் வயசுக்கு வந்து பெரியபிள்ளை ஆகிவிட்டாள்.

அதற்குத் தலையில் தண்ணீர் வார்க்கிற சாமத்திய வீடு செய்யாமல் விட ஏலாது. எங்களுக்கு ஒரே பிள்ளை. பிள்ளை என்னவோ, "அம்மா, பிளீஸ், இதையெல்லாம் ஊருக்குச் சொல்லுவினமா? ஹோல் எடுத்துச் சொல்லுவினமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை யார் கேட்டது? ஹரோவில் இருந்த மச்சாள், அதாவது இவருடைய தமக்கை, செய்தி கேட்ட அன்றே வந்து இறங்கிவிட்டா. மண்டபம், வீடியோ, ஆலாத்தி எடுக்கிற தட்டு, எல்லாம் அவவே தீர்மானித்தா. நல்ல நாள் பார்த்ததில் ஒரு ஞாயிறு சரிவந்தது. அமெரிக்கத் தேர்தல் அதற்கு அடுத்த செவ்வாய். அதை நான் கவனித்தேன். வேறு ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் இந்தச் சடங்குக்கு தாய்மாமன் வேண்டும். பெட்டைப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது மாமன். தேங்காய் உடைப்பது மாமன். தகப்பன் ஒரு மூலையில் நின்றாலும் போதும், மாமன் நிற்க வேண்டும். அதுவும் கூடப்பிறந்த மாமன் உயிரோடு இருக்க, வேறொருவர் வந்து நின்றால் சனம் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் அதைப் பற்றித்தான் கதைக்கும். சனத்தை விடுங்கள். எனக்கே அண்ணை வேண்டும். எங்கள் பக்கத்துக்கு என்று எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரைக் கண்ணால் கண்டே பல வருசம். பிள்ளை தன் மாமனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

போன் எடுத்துச் சொன்னேன். அண்ணை சந்தோசப்பட்டார். நாளைச் சொன்னதும் குரல் இறங்கிப் போனது.

"அந்தக் கிழமையோ... எனக்கு ஏலுமோ தெரியாது."

"ஏன் ஏலாது? அமெரிக்காக்காரருக்கு என்ன, டிக்கெட்டை எடுத்தா ஏறி வர வேண்டியதுதானே."

"இல்லையடி... கொஞ்சம் பொறு..."

"ஏன், வோட்டுப் போடோணுமோ?" நான் குத்தலாகத்தான் கேட்டேன்.

அந்தப் பக்கம் அண்ணை ஒருதரம் செருமினார். பிறகு, "ஓம்... ஓம். வோட்டுப் போடோணும்" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஞாயிறு சடங்கு, செவ்வாய் தேர்தல். திங்கட்கிழமை பிளேன் ஏறினாலும் போய்ச் சேரலாம். "அதெல்லாம் சரிவராது" என்கிறார் இந்த மனிதர். "அப்ப யானைக்கு ஒரு வோட்டுப் போடுறதுக்காக, ஒரே மருமகளின்ர தலையில தண்ணி வாக்க வர மாட்டியள்? வெக்கமாயில்லையோ? போங்கோ, அந்த யானையையே கட்டிக்கொண்டு அழுங்கோ!" என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தேன்.  பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

மச்சாளுக்கு இது அவல் கிடைத்த மாதிரி. "கொண்ணைக்கு வோட்டோ பெரிசு?" என்று என் அண்ணையைக் குத்தி ஒவ்வொரு போனிலும் கேட்டா. அதற்கும் மேலே போய், தன் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு எங்கேயோ தூரத்து அண்ணன் முறையான ஒருவரை மாமனாக நிற்கச் சொல்லிக் கேட்டும் விட்டா. அந்த மனிதர் உடனே போய்ப் புதுக் கோட்டு ஒன்று வாங்கிவிட்டாராம். "கோட்டு வாங்கினா மாமனோ?" என்று நான் கேட்டேன். "வாற மாமனுக்குத்தானே மரியாதை" என்றா மச்சாள். 

அவமானம் ஒருபக்கம், தேர்தல் ஒருபக்கம். கடைசியில் பஸ்ஸும் ரயிலும் பிடித்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். இரண்டு வேண்டுதல். அண்ணை வர வேண்டும், கழுதை வெல்ல வேண்டும். தட்டை நீட்டியதும் ஐயர், "பேர், நட்சத்திரம்?" என்றார். அண்ணையின் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். "அடுத்தது?" என்றார். கழுதைக் கட்சி வேட்பாளரின் பெயரைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் இது, பிள்ளை?"

"அமெரிக்காவில, ஐயா. தேர்தல்ல நிக்கிறார்."

"சொந்தமோ?"

"சொந்தமில்லை ஐயா. எங்கட ஆள்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"அப்ப சுவாமி பேரில செய்வம்," என்று சொல்லி ஐயர் உள்ளே போய்விட்டார். நான் கைகூப்பியபடி நின்று யோசித்தேன். சுவாமி பெயரில் செய்தால் பலன் யாருக்குப் போகும்? பொதுவாகப் போனால் யானைக்கும் பங்கு போகுமே! பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அண்ணை லண்டனுக்கு வந்தால் யானைக்கு ஒரு வோட்டுக் குறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். "அம்மாளாச்சி, உனக்கும் வேலை சுகம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சடங்குக்கு முந்தின வியாழன் நான் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொண்ணை போன் எடுத்தவர். சனிக்கிழமை காலமை வாறாராம்" என்றார்.

"என்ன! வோட்டு?"

"நான் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ? அதைக் கேக்காம வேற என்னத்தைக் கேட்டனீங்கள்?"

"எத்தினை மணிக்கு பிளேன் எண்டு கேட்டனான்."

அம்மனுக்கு நான் அந்த இடத்திலேயே நின்று கும்பிட்டேன். பிறகு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "மச்சாள், அந்தக் கோட்டுக்காரரை வரச் சொல்லுங்கோ, ஆனா சாப்பிட மட்டும்" என்றேன். இதைச் சொன்ன சந்தோசத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு நிறையும்.

சனிக்கிழமை ஹீத்ரோவில் நானும் இவரும் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். நியூயோர்க் பிளேன் இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டிருந்தது. அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகப் பெட்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணை இல்லை. கூட்டம் மெலிந்தது. அண்ணை இல்லை. கடைசியில் அந்தப் பிளேன் ஓட்டி வந்தவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். "மனம் மாறி வோட்டுப் போடத் திரும்பிப் போயிட்டாரோ?" என்றேன். இவர் திரும்பவும் பலகையைப் பார்த்தார். அந்த நேரம் ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. தகவல் மேசைக்கு வரட்டாம்.

மேசைக்காரி ஒரு போனை நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு குடிவரவு அதிகாரி. பெண். நல்ல மரியாதையான இங்கிலீசுக் குரல்.

"உங்கள் சகோதரரை வரவேற்க வந்திருக்கிறீர்கள் அல்லவா? அவர் எந்த நாட்டுக் குடிமகன்?"

"அமெரிக்கா," என்றேன்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? ஒவ்வொரு தேர்தலிலும் வோட்டுப் போடுகிறாரே! யானைக் கட்சிக்கு. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிறார் இல்லை."

அதிகாரி தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "எங்கள் முன்னால் இருப்பவர் இலங்கைக் குடிமகன். இலங்கைப் பாஸ்போட்டில், விசா எடுத்து வந்திருக்கிறார்."

"அப்படியென்றால் அவர் என் அண்ணை இல்லை," என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "என்னப்பா சொல்லுறீர்! கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்!" என்றார். எனக்கு எதையும் யோசிக்க வரவில்லை. எட்டு வருசமாக என்னோடு சண்டை பிடித்த யானைக்காரன் இலங்கைக்காரன் என்றால் நான் எப்படி நம்புவேன்?

அதிகாரி விடவில்லை. "நாளைக்கு ஒரு சிறுமியின் தலையில் தண்ணீர் ஊற்ற வந்திருப்பதாக இவர் சொல்கிறார். அதுவும் உங்களுக்குத் தெரியாதா?"

"அது தெரியும்! அது என் மகளின் தலை!"

"ஏன் ஊற்ற வேண்டும்?"

கேட்டாளே ஒரு கேள்வி. ஹீத்ரோ தகவல் மேசையில், முன்னாலும் பின்னாலும் சனம் நிற்க, சாமத்திய வீட்டை நான் இங்கிலீசில் விளக்கத் தொடங்கினேன். "பிறந்தநாளா?" என்றாள். இல்லை. "ஞானஸ்நானமா?" இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி விசயத்தைச் சொன்னேன். என் இங்கிலீசு தாழ்த்தினாலும் கேட்கும். மேசைக்காரி புன்னகைத்தாள். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா, "வாழ்த்துக்கள்" என்றா. இவர் கூரையில் என்னவோ இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது. ஆனால் இவர் உங்கள் சகோதரர்தானா என்பதுதான் இப்போது பிரச்சினை," என்றாள் அதிகாரி. அப்போதுதான் என் நாக்கு செய்த வேலை எனக்கு உறைத்தது. அண்ணையைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அதுவும் என் வாயாலே?  என்ன சொல்லி நிரூபிப்பது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அமெரிக்காவில் எந்தக் கட்சி நல்லது என்று கேளுங்கள். யானை என்று சொன்னால் அவர் என் அண்ணை."

அதிகாரி ரிசீவரைக் கையால் பொத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பு இருந்தது. "யானை என்றுதான் சொல்கிறார். வரி குறையும் என்றும் சொல்கிறார்."

"அவர்தான்! அவரேதான்! விடுங்கோ!" கடைசிச் சொல் தமிழில் வந்துவிட்டது.

அண்ணை வெளியே வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில், உள்ளே வைக்க மறந்துபோய்ப் பிடித்தபடி, சிங்கம் போட்ட எங்கள் பாஸ்போட். கட்டிப் பிடித்து அழ வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கு முதல் வாய் முந்திவிட்டது.

"இதென்ன அண்ணை?"

"பாஸ்போட்."

"அமெரிக்கன் பாஸ்போட் எங்க?"

"இல்லை."

"அப்ப வோட்டு?"

"இல்லை."

"எப்ப தொடக்கம் இல்லை?"

"எப்பவுமே இல்லையடி," என்றார் அண்ணை.

கார் ஓடத் தொடங்கியும் எனக்கு ஆறவில்லை. அண்ணை பின்சீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மெல்லமெல்லச் சொன்னார். விசாவுக்குக் கொடுத்துவிட்டு செப்டெம்பரிலிருந்து காத்திருந்தாராம். வரும் வராது என்று தெரியாத நேரத்தில், வோட்டுப் போடவோ என்று நானே கேட்டதும், அதையே பிடித்துக்கொண்டாராம். பதினேழு வருசமாக ஏன் அமெரிக்கப் பிரசை ஆகவில்லை என்று இவர் கேட்டார்.

"கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணச் சொல்லுவினம், மச்சான். பழைய நாட்டைக் கைவிட்டிட்டன் எண்டு சொல்லோணும். இரண்டு தரம் வெளிக்கிட்டுப் பாத்தனான். கை எழும்பேல்லை."

இவர் தலையாட்டினார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "நல்ல காலம், யானைக்கு ரெண்டு தேர்தலிலயும் ஒரு வோட்டுக் குறைஞ்சிருக்கு" என்று சொன்னார். அண்ணை சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உலகத்திலேயே இல்லாத ஒரு வோட்டுக்காக நான் ரிசீவரை அடித்து வைத்திருக்கிறேன், அம்மனிடம் போயிருக்கிறேன்!

ஞாயிறு சடங்கு வடிவாக நடந்தது. அண்ணை உடைத்த தேங்காய் கணக்காக இரண்டாகப் பிளந்தது. மச்சாள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். தண்ணீர் வார்க்கும்போது அண்ணை பிள்ளையின் காதில் என்னவோ சொல்ல, கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெட்டை விழுந்து விழுந்து சிரித்தாள். கோட்டுக்காரர் வந்து மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலமை டிவியைப் போட்டோம். கழுதை வென்றுவிட்டது! நான் ஆதரித்த ஒன்று என் வாழ்க்கையில் முதன்முதலாக வென்றது. தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பிக் குதித்ததில் பாதித் தேத்தண்ணி சோபாவில். அண்ணையைச் சீண்டலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் என்னைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, உங்கட யானை விழுந்து கிடக்குது, நீங்கள் பல்லைக் காட்டுறியள்?"

"நல்ல ஆள்தானே வெண்டிருக்கிறார்."

"என்ன!" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப நீங்கள் யானையும் இல்லையோ? வோட்டும் இல்லை, யானையும் இல்லையெண்டா, எட்டு வருசமா ஏன் யானை யானையெண்டு என்ர உயிரை வாங்கினீங்கள்?"

அண்ணை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எண்பத்துநாலில நீ லண்டனுக்கு வந்த புதிசு. போனை எடுத்தால் 'அண்ணை' எண்டுற ஒரு சொல்லுத்தான் வரும். பிறகு அழுகை. போனை வைக்கும் வரைக்கும் அழுவாய். நான் அங்க தனிய இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். ஊரைப் பற்றிக் கேட்டாலும் அழுவாய், சாப்பிட்டியோ எண்டாலும் அழுவாய். என்ன சொல்லுறதெண்டே எனக்குத் தெரியேல்லை. ஒருநாள் வாயில வந்தபடி, யானைக்குப் போடப் போறன் எண்டன். நீ அழுகையை நிப்பாட்டிப்போட்டு என்னை விசரன் எண்டாய். அண்டைக்குத்தான் நான் நித்திரை கொண்டனான்."

நான் சோபாவில் சிந்திய தேத்தண்ணியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"பிறகு எப்பிடியடி நான் கழுதைக்கு மாறுறது?" என்றார்.

"நான் அப்பிடி ஒண்டும் அழேல்லை," என்றேன்.

"அழுதனீர்," என்றார் இவர், குசினி அடுப்படியில் நின்று.

அண்ணை வெள்ளிக்கிழமை திரும்பிப் போனார். ஞாயிறு பின்னேரம் போன் மணி அடித்தது. நான் ஓடிப் போய் எடுத்தேன்.

"அண்ணை," என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. 

"எடி," என்றார் அண்ணை அவசரம் அவசரமாக, "உன்ர கழுதை வந்து எல்லாருக்கும் வரியைக் கூட்டப் போகுதாம். தெரியுமோ?"

நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

"கூட்டட்டும்!" என்று கத்தினேன். "உங்களை மாதிரி ஆக்களுக்கு நல்லாக் கூட்டட்டும்! உங்களுக்கென்ன விசரே அண்ணை, ஏழைச் சனம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமோ?"

அவர் நியூ ஜெர்சியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.